பிரான்சில் இரண்டாவது வீட்டுக்கு ஆற்றல் சேமிப்பு உதவி பெறுவது எப்படி?

நகரத்தில் குடியிருந்துகொண்டு கிராமத்திலோ கடற்கரையிலோ பழைய வீடு ஒன்றை விடுமுறைக்கு வைத்திருப்பவர்கள் முதலில் கேட்பது ஆற்றல் சேமிப்பு வேலைகளுக்கு அரசு தரும் மாப்ரீம்ரெனோவ் உதவித்தொகை கிடைக்குமா என்பதைத்தான். கிடைக்காது. அது நிரந்தரக் குடியிருப்புக்கு மட்டுமே. வட்டியில்லாக் கடனான எக்கோ-பேதேசெட்டும் அப்படித்தான். இந்த இரண்டையும் கேட்டுவிட்டு "நமக்கு ஒன்றும் இல்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் சிஇஇ எனப்படும் ஆற்றல் சேமிப்புச் சான்றிதழ் பிரீம் (உதவித்தொகை), குறைந்த வீதமான 5.5% டிவிஏ (மதிப்புக்கூட்டு வரி), சில ஊர்களில் சொத்துவரி விலக்கு ஆகியவை இரண்டாவது வீட்டுக்கும் உண்டு. எதை எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே பணம் வரும்.

முதலில்: அது இரண்டாவது வீடாகவே இருக்கப் போகிறதா?

ஒரு வருடத்துக்குள் அங்கேயே குடியேறி, ஆண்டுக்குக் குறைந்தது 8 மாதம் வசிக்கப் போகிறீர்கள் என்றால், அல்லது யாருக்காவது நிரந்தரக் குடியிருப்பாக 6 ஆண்டுகளுக்கு வாடகைக்கு விடப் போகிறீர்கள் என்றால், மாப்ரீம்ரெனோவுக்கு வழி திறக்கிறது. வீடு கட்டி 15 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அந்த எண்ணம் இல்லாமல் "நிரந்தரக் குடியிருப்பு" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பின்னால் சரிபார்ப்பார்கள், கொடுத்த தொகையைத் திரும்பக் கேட்பார்கள்.

படி 1: பிரான்ஸ் ரெனோவ் ஆலோசகரிடம் பேசுங்கள்

0 808 800 700 என்ற எண்ணில் அரசின் இலவச ஆலோசனை கிடைக்கும். நீங்கள் வசிக்கும் ஊரை விட, வீடு இருக்கும் ஊரைச் சொல்லிக் கேளுங்கள். மாகாணமோ, மாவட்டமோ, ஊராட்சி அலுவலகமான மேரியோ கொடுக்கும் உதவி வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்தது. இவற்றில் சில இரண்டாவது வீட்டைச் சேர்க்கும், சில சேர்க்காது.

படி 2: எந்த வேலை என்று முடிவெடுங்கள்

ஆண்டு முழுக்க வாழும் வீட்டுக்குச் சொல்லும் அறிவுரையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வருடத்தில் சில வாரங்களே சூடேற்றும் வீட்டில் விலையுயர்ந்த ஹீட் பம்ப் போட்டால், போட்ட பணம் மிச்சமாகத் திரும்ப வர மிக நீண்ட காலமாகும். வெப்பக் காப்பு இல்லாத வீட்டில் வெப்பத்தில் 25 முதல் 30% வரை கூரை வழியாகவே போகிறது. எனவே பரண், கூரை முதலில். அடுத்து தரை, சுவர். சூடேற்றும் கருவியைக் கடைசியில் பார்க்கலாம்.

இங்கே பலர் மறப்பது காற்றோட்டம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் சன்னலை மாற்றி இடுக்குகளை அடைத்துவிட்டு, உள்காற்றை வெளியேற்றும் விஎம்சி விசிறியை நிறுத்திவிட்டுப் போனால், ஈரம் வெளியேற வழியின்றி மூலைகளில் பூஞ்சை பிடிக்கும். விஎம்சி நீங்கள் இல்லாதபோதும் ஓட வேண்டும். பழைய கல்சுவருக்கு உள்பக்கக் காப்பு போடும் முன் சுவரின் ஈரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமான கல்லை ஈரம் விடாத பொருளால் மூடினால், நீர் உள்ளேயே நின்று மரச்சட்டங்களை அழுகச் செய்துவிடும்.

படி 3: தடிமனைக் கணக்கிடுங்கள்

சிஇஇ பிரீம் பெற, புதிதாகப் போடும் காப்பின் ஆர் மதிப்பு (வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண்) ஒரு குறைந்தபட்ச அளவை எட்ட வேண்டும். குடியிருக்காத பரணுக்கு 7, சாய்வான கூரைக்கு 6, சுவருக்கு 3.7, தரைக்கு 3. இந்த ஆர் மதிப்பைப் பொருள் எவ்வளவு வெப்பத்தைக் கடத்தும் என்பதைக் காட்டும் லாம்டா எண்ணால் பெருக்கினால் தடிமன் மீட்டரில் கிடைக்கும். லாம்டா 0.040 உள்ள கண்ணாடிப் பஞ்சு என்றால், பரணுக்கு 7 × 0.040 = 0.28, அதாவது 28 செ.மீ. அதே பொருளை 20 செ.மீ. போட்டால் ஆர் 5தான் வரும், பிரீம் கிடையாது. பழைய பஞ்சின் தடிமனைச் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது.

படி 4: தெவி வாங்குங்கள், கையெழுத்துப் போடாதீர்கள்

குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலைமதிப்புத் தாளான தெவியை வாங்குங்கள். நிறுவனத்துக்கு ஆற்றல் சேமிப்பு வேலைக்கான தகுதிச் சான்றான ஆர்ஜிஇ இருக்க வேண்டும், அதுவும் நீங்கள் செய்யப் போகும் அதே வகை வேலைக்கு. சன்னலுக்குச் சான்று வைத்திருப்பவர் கூரை வேலை செய்தால் பிரீம் தள்ளுபடியாகும். பிரான்ஸ் ரெனோவ் இணையதளப் பட்டியலில் தேதியுடன் பார்க்கலாம். காப்பு வேலைக்கு அவர்கள் முன்கூட்டியே வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

தெவியில் இவை இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்: பொருளின் பெயரும் குறியீடும், தடிமன், ஆர் மதிப்பு, எத்தனை சதுர மீட்டர், வீட்டைப் பார்த்த தேதி, ஆர்ஜிஇ எண், வேலை நடக்கும் முகவரி. இரண்டாவது வீட்டுக்காரர்களுக்கு அடிக்கடி சிக்கல் தருவது இந்தக் கடைசி விவரம். நிறுவனத்தின் கணக்காளர் பில் அனுப்பும் முகவரியை, அதாவது நீங்கள் குடியிருக்கும் முகவரியை, வேலை நடக்கும் இடமாகப் போட்டுவிடுவார். இரண்டு முகவரியும் தனித்தனியே எழுதப்பட வேண்டும்.

டிவிஏ வீதத்தையும் இப்போதே பாருங்கள். கட்டி 2 ஆண்டு கடந்த வீட்டில் காப்பு, சன்னல் போன்ற ஆற்றல் சேமிப்பு வேலைகளுக்கு 5.5%. வரிக்கு முன் 10,000 யூரோ வேலை என்றால் 20% வீதத்தில் 12,000 ஆகும், 5.5% வீதத்தில் 10,550தான். ஒரு படிவமும் நிரப்பாமலே 1,450 யூரோ மிச்சம். ஆனால் பொருளையும் வேலையையும் நிறுவனமே பில் போட வேண்டும். பொருளைக் கடையில் நீங்களே வாங்கினால் அதற்கு 20% கட்டியாக வேண்டும். எரிவாயு, எண்ணெய் பாய்லர்களுக்கு 2025 மார்ச் முதல் குறைந்த வீதம் கிடையாது.

படி 5: சிஇஇ பதிவு, அதன் பிறகே கையெழுத்து

இந்தப் பிரீமைக் கொடுப்பது அரசு அல்ல, சட்டப்படி கடமைப்பட்ட ஆற்றல் விற்பனையாளர்கள். ஈடிஎஃப், ஆஞ்ஜி, டோட்டல்எனெர்ஜீஸ், எரிபொருள் விற்கும் பேரங்காடிகள் ஆகியவை அதில் அடங்கும். தொகையை அவரவர் நிர்ணயிப்பதால் ஒரே வேலைக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொகை சொல்வார்கள். இரண்டு மூன்று தளங்களில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டின் தட்பவெப்ப மண்டலம், பரப்பளவு, உங்கள் குடும்ப வருமானம் மூன்றும் தொகையை மாற்றும். குளிரான வடகிழக்கும் மலைப்பகுதியும் எச்1, மத்தியதரைக் கடலோரம் எச்3.

ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பதிவுசெய்து, அவர்களின் எழுத்துமூல உறுதி கையில் வந்த பிறகே தெவியில் கையெழுத்துப் போடுங்கள். முதலில் கையெழுத்து, அப்புறம் பதிவு என்றால் பிரீம் போய்விட்டது. மேல்முறையீட்டிலும் பெரும்பாலும் பயன் இருக்காது. முன்பணம் கொடுப்பதும் கையெழுத்துப் போலவே கணக்கில் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை, தரைக் காப்புக்குக் கையெழுத்துக்கும் வேலை தொடங்குவதற்கும் இடையில் 7 முழு நாள் இருக்க வேண்டும். "நாளைக்கே ஆள் அனுப்புகிறோம்" என்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

பிரீமை நிறுவனமே பில்லில் கழிப்பதானால், அது டிவிஏ சேர்த்த மொத்தத்திலிருந்து கழிக்கப்படும். கடைசி வரியில் தனியாகத் தெரிய வேண்டும்.

தானாகத் தொலைபேசியில் அழைத்து "ஒரு யூரோவுக்குக் காப்பு" என்பவர்களிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். இந்தத் துறையில் தொலைபேசி விற்பனைக்கு 2020 முதல் சட்டத் தடை உள்ளது. வீட்டு வாசலில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம்.

படி 6: வேலை முடிந்ததும்

இறுதி பில்லில் தெவியில் இருந்த அதே விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பரணில் பொருளின் லேபிளையும் தடிமனையும் அளவுகோலுடன் படம் எடுங்கள். நீங்களும் நிறுவனமும் கையெழுத்திட்ட உறுதிமொழிப் படிவத்தைப் பில்லுடன் சேர்த்து, பிரீம் தருபவர் சொன்ன கெடுவுக்குள் அனுப்புங்கள். உங்கள் பெயர் தெவி, பில், உறுதிமொழிப் படிவம் மூன்றிலும் ஒரே எழுத்தில் இருக்கட்டும். கடவுச்சீட்டில் ஒரு விதம், பில்லில் ஒரு விதம் என்று நம் நீண்ட பெயர்கள் எழுதப்படுவதால் கோப்பு திரும்பி வருவதுண்டு.

அடுக்குமாடியில் வீடு என்றால்

கட்டடம் முழுவதற்குமான வேலைக்கு மாப்ரீம்ரெனோவ் கோப்ரோப்ரியேத்தே என்ற தனி உதவி உண்டு. அது உரிமையாளர் சங்கத்துக்குப் போவதால், உங்கள் வீடு விடுமுறை வீடாக இருந்தாலும் உங்கள் பங்கு குறையும். கட்டடத்தில் 75% வீடுகள் நிரந்தரக் குடியிருப்பாக இருக்க வேண்டும். 20 வீடுகள் வரை உள்ள சிறிய கட்டடத்தில் 65%. பல கடற்கரை ஊர்களில் இந்த அளவு எட்டாமல் போகலாம். பொதுக்கூட்டத்துக்கு முன்பே கட்டடத்தை நிர்வகிக்கும் சிந்திக்கிடம் கேட்டுவிடுங்கள்.

படி 7: சொத்துவரி

சில ஊராட்சிகள் ஆற்றல் சேமிப்பு வேலை செய்த பழைய வீட்டுக்குச் சொத்துவரியான தாக்ஸ் ஃபொன்சியேரில் 50 முதல் 100% வரை 3 ஆண்டுகளுக்கு விலக்கு தருகின்றன. இதற்கு ஊராட்சி முன்கூட்டியே தீர்மானம் போட்டிருக்க வேண்டும். மேரியில் கேட்டால் சொல்வார்கள். ஒரு வருடத்தில் 10,000 யூரோவுக்கு மேல், அல்லது மூன்று வருடத்தில் 15,000 யூரோவுக்கு மேல் செலவாகியிருக்க வேண்டும். முழுப் பணமும் கட்டிய வருடத்துக்கு அடுத்த வருடம் விலக்கு தொடங்கும். எனவே செலவு 9,000 யூரோவில் நிற்கிறது என்றால், தள்ளிப்போட்ட சன்னலை அதே வருடத்தில் முடிப்பது லாபமாகலாம். பில்களுடன் விண்ணப்பம் வீடு இருக்கும் இடத்து வரி அலுவலகத்துக்கு ஜனவரி 1க்கு முன் போய்ச் சேர வேண்டும்.