சுயசேவை கார் கழுவுமிடத்துக்கு உயர் அழுத்த ஹோஸும் இணைப்புகளும்: தேர்ந்தெடுப்பது எப்படி?

சுயசேவைக் கழுவுமிடத்தில் டிரிகர் கன்னைப் பிடிக்கப்போகிறவர் உங்கள் ஊழியர் அல்லர். முன்பின் தெரியாத ஒருவர். பணத்தைப் போட்டுவிட்டு, நேரம் முடிவதற்குள் காரை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர். அவர் ஹோஸைப் பம்பரைச் சுற்றி இழுப்பார், தரையில் போடுவார், அதன் மேல் காரையும் ஏற்றுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பதுதான் நம் பொறுப்பு. கீழே சொல்லும் ஒவ்வொரு தேர்வையும் அந்த மனிதரை மனத்தில் வைத்துச் செய்யுங்கள்.

விளக்கத்துக்காக ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம்: நிமிடத்துக்கு 15 லிட்டர், 80 பார் அழுத்தம் தரும் பம்ப். சுயசேவைக் கழுவுமிடங்களுக்கு இது நல்ல நடுத்தர அளவு. உங்கள் பம்ப் வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வழிமுறை ஒன்றுதான்.

படி 1: எந்த அழுத்தத்துக்கு வாங்குகிறோம்?

அழுத்தமானியில் 80 தெரிகிறது என்பதற்காக 80 பாருக்கு ஹோஸ் வாங்கக் கூடாது. பம்பில் பாதுகாப்பு வால்வு எந்த அளவில் திறக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அது 100 பார் என்றால், ஹோஸின் இயங்கு அழுத்தம் குறைந்தது 100 பாராக இருக்க வேண்டும். டிரிகரைச் சட்டென்று விடும்போது ஓடிக்கொண்டிருந்த நீர் முட்டி நின்று ஒரு கணம் அழுத்தம் எகிறும். சுயசேவையில் டிரிகர் நாள் முழுவதும் இப்படித்தான் விடப்படும். ஆகவே அந்த 100க்கும் மேலே தாராளமாக இடம் விடுங்கள்.

கடைகளில் சிலர் ‘கிலோ’ என்பார்கள், சிலர் பிஎஸ்ஐ என்பார்கள். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. கிலோவும் பாரும் ஏறக்குறைய ஒன்றே. எனவே 80 பார் என்றால் 1,160 பிஎஸ்ஐ.

ஒரு தவறான வழக்கத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடைகள் பலவற்றில் விவசாய மருந்துத் தெளிப்பான் வகைப் பம்ப் ஓடுகிறது. அது பொதுவாக 20 முதல் 40 கிலோ அழுத்தத்தில் வேலை செய்யும். நூல் பின்னிய பிவிசி ஹோஸ் அதற்குப் போதும். அதே ஹோஸை, இருக்கிறதே என்று 80 பார் பம்பில் மாட்டுவது ஆபத்து. கம்பி பின்னல் உள்ள ரப்பர் ஹோஸ்தான் இந்த இடத்துக்கு உரியது.

படி 2: உள்விட்டம்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். 1/4 அங்குல ஹோஸ் விலை குறைவு, எடையும் குறைவு, கைக்கும் நன்றாக வளைகிறது. ஆனால் நிமிடத்துக்கு 15 லிட்டர் நீர் அதன் வழியே போகும்போது, நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 1 பார் உராய்விலேயே கரைந்துவிடும். 10 மீட்டர் ஹோஸ் என்றால் 80 பாரில் 10 பார் போயிற்று. அதே நீர் 3/8 அங்குல ஹோஸில் போனால் இழப்பு மீட்டருக்கு 0.15 பார் அளவுதான். 10 மீட்டருக்கு ஒன்றரை பார். விட்டம் ஒன்றரை மடங்கு ஆனதற்கு இழப்பு ஏறக்குறைய ஏழில் ஒன்றாகக் குறைகிறது.

எனவே வாடிக்கையாளர் கையில் இருக்கும் ஹோஸுக்கு 3/8 அங்குலம். பம்ப் அறையிலிருந்து கூரை வரை வரும் பாதை நீளமாக இருந்தால் அதற்கு 1/2 அங்குலம், அல்லது அந்த அழுத்தத்துக்கு உரிய துருப்பிடிக்காத எஃகுக் குழாய். பிவிசி, சிபிவிசி குழாய்களை உயர் அழுத்தப் பக்கத்தில் எங்கும் வைக்காதீர்கள். எஃகுக் குழாய் போட்டாலும் பம்பின் வாயில் ஒரு சிறு ஹோஸ் துண்டு இருக்கட்டும். பம்பின் அதிர்வு நேராகக் குழாயில் ஏறினால் இணைப்புகள் மெல்ல மெல்லத் தளரும்.

3/8 ஹோஸின் முனையில் 1/4 அளவு இணைப்பு இருக்கிறதே என்று சிலர் கவலைப்படுவார்கள். ஒரு குறுகிய கழுத்தில் இழப்பது அரை பார் அளவுதான். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நீளமான மெல்லிய ஹோஸ்தான் அழுத்தத்தைத் தின்கிறது.

படி 3: ஒற்றைக் கம்பியா, இரட்டைக் கம்பியா?

ஹோஸின் உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல் ஒரு அடுக்காகவோ இரண்டு அடுக்காகவோ இருக்கும். ஈஎன் 857 என்ற ஐரோப்பியத் தரத்தில் 1எஸ்சி என்றால் ஒற்றைப் பின்னல், 2எஸ்சி என்றால் இரட்டை. 3/8 அங்குல அளவில் 1எஸ்சி ஹோஸின் இயங்கு அழுத்தம் 180 பார், 2எஸ்சிக்கு 330 பார். வெடிக்கும் அழுத்தம் இதைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்பது தரவிதி. அந்த நான்கு மடங்கை நம்பி இயங்கு அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. அது தேய்மானத்துக்கும் எதிர்பாராத அதிர்ச்சிக்கும் விட்ட இடைவெளி.

நம் எடுத்துக்காட்டுக்கு 1எஸ்சி தாராளமாகப் போதும். இரட்டைக் கம்பி வலிமையானதுதானே, அதையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அது கனமானது, விறைப்பானது. வாடிக்கையாளரின் மணிக்கட்டுக்கு வலி. அதோடு, வளைய மறுக்கும் ஹோஸ் தன் முனையில் உள்ள இணைப்பைத்தான் முறுக்கும். 3/8 அங்குல 1எஸ்சி ஹோஸை 90 மி.மீ. ஆரம் வரை வளைக்கலாம். 1எஸ்என் என்ற பழைய ஒற்றைப் பின்னல் வகைக்கு அதுவே 130 மி.மீ. காரைச் சுற்றி வரும் ஹோஸுக்கு இந்த வேறுபாடு பெரிது.

மேலுறையையும் பாருங்கள். ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் போடும் கறுப்பு ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் வெள்ளைக் காரின் கதவில் உரசினால் கறை விடும். கார் கழுவுவதற்கென்றே விற்கப்படும், கறை படியாத சாம்பல் அல்லது நீல நிற மேலுறை கொண்ட ஹோஸைக் கேளுங்கள். அது வழவழப்பாகவும் இருக்கும், டயரில் சிக்காமல் நழுவும்.

வாங்குமுன் ஹோஸின் உடலில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயர், தர எண், உள்விட்டம், எந்த ஆண்டின் எந்தக் காலாண்டில் தயாரானது என்பவை இருக்க வேண்டும். எழுத்தே இல்லாத ஹோஸை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

படி 4: நீளம்

கூரையில் சுழலும் கை, அதாவது பூம், கட்டாயம் வையுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பூம் இல்லாவிட்டால் 8, 10 மீட்டர் ஹோஸ் தரையில் கிடக்கும். தரையில் கிடக்கும் ஹோஸ் டயருக்கு அடியில் போகும், மண்ணில் தேயும், யாராவது தடுக்கியும் விழுவார்கள். பூம் இருந்தால் அதன் முனையிலிருந்து தொங்கும் 3 மீட்டரோ சற்றுக் கூடவோ போதும்.

நீளத்தைக் கணக்குப் போட்டு முடிவு செய்வதைவிடக் கயிறு கட்டி அளப்பது மேல். நீங்கள் எதிர்பார்ப்பதில் பெரிய வண்டியைக் கழுவுமிடத்தில் நிறுத்துங்கள். பூமின் முனையில் கயிற்றைக் கட்டி, ஒருவரை வண்டியின் நான்கு மூலைகளுக்கும் அனுப்புங்கள். ஒவ்வொரு மூலையிலும் அவர் குனிந்து சக்கரத்தின் உள்பக்கத்தைக் கழுவுவதுபோல் கையை நீட்டட்டும். அதிகம் தேவைப்பட்ட நீளத்தோடு அரை மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கயிற்றின் நுனியைக் கன் தாங்கியில் மாட்டிப் பாருங்கள். கயிறு கார் வரும் தடத்தில் தரையைத் தொட்டால் தாங்கியின் இடத்தை மாற்றுங்கள். ஹோஸைக் குட்டையாக்கி இதைச் சரிசெய்யப் பார்த்தால், வாடிக்கையாளர் இழுத்து இழுத்தே பூமைக் கெடுத்துவிடுவார்.

படி 5: மரை

ஒழுகும் இணைப்புகளில் பெரும்பாலானவை தவறான மரைகளை வலுக்கட்டாயமாக முறுக்கியவை. மூன்று குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

பிஎஸ்பி இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் மலேசியாவிலும் வழக்கமானது. என்பிடி அமெரிக்காவினுடையது. கார் கழுவும் கருவிகளில் அமெரிக்கப் பொருள்கள் நிறைய வருவதால் இரண்டும் ஒரே கழுவுமிடத்தில் சந்தித்துவிடும். 3/8 அங்குல பிஎஸ்பியில் அங்குலத்துக்கு 19 மரை, வெளிவிட்டம் சுமார் 16.7 மி.மீ. என்பிடியில் 18 மரை, சுமார் 17.1 மி.மீ. மரையின் கோணமும் வேறு: பிஎஸ்பிக்கு 55 பாகை, என்பிடிக்கு 60. ஒன்றை மற்றொன்றில் முறுக்கினால் இரண்டு மூன்று சுற்று அருமையாக ஏறும், பிறகு இறுகும். பொருந்திவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் மரை நசுங்கிக்கொண்டிருக்கும். 1/2 அங்குலத்தில் இன்னும் மோசம், இரண்டிலுமே 14 மரை. அங்கே எண்ணிக்கையை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு மரை அளவியும் வெர்னியர் காலிப்பரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது எம்22. டிரிகர் கன்களிலும் சிறிய பிரஷர் வாஷர்களிலும் கையால் திருகும் பெரிய மரை இது. வெளியே எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் உள்ளே நுழையும் தண்டு சிலவற்றில் 14 மி.மீ., சிலவற்றில் 15 மி.மீ. 15 மி.மீ. துளையில் 14 மி.மீ. தண்டைப் போட்டால் மரை கச்சிதமாக ஏறும், ஆனால் ஓ-ரிங் அடைக்காது, நீர் பீச்சும். எத்தனை இறுக்கினாலும் நிற்காது. வாங்கும்போதே தண்டை அளந்து கேளுங்கள்.

டெஃப்லான் டேப் கூம்பு மரைக்கு, அதாவது நுனியை நோக்கிக் குறுகும் மரைக்கு மட்டும். நுனியில் முதல் மரையை விட்டுவிட்டு, மரை ஏறும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்று. முதல் மரையிலும் சுற்றினால் அறுந்த துணுக்கு நேராக நாசிலில் போய் அடைக்கும். நேர் மரை பிஎஸ்பிக்கு வாஷரோ கூம்பு இருக்கையோ தான் அடைப்பு, எம்22க்கு ஓ-ரிங். அங்கெல்லாம் டேப் சுற்றுவதால் எந்தப் பயனும் இல்லை.

இணைப்பின் உலோகம்: முலாம் பூசிய இரும்பு உலர்ந்த பம்ப் அறையில் தாக்குப்பிடிக்கும், நாள் முழுவதும் நனையும் இடத்தில் துருப்பிடிக்கும். சக்கரம் துலக்கும் அமிலக் கலவைகள் துத்தநாக முலாமையும் பித்தளையையும் அரிக்கும். கழுவுமிடத்துக்குள் இருப்பவை துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் கையில் பணம் இல்லையென்றால், சுழல் இணைப்புகளுக்காவது அதை வாங்குங்கள்.

படி 6: முனை அழுத்துதல்

ஹோஸின் முனையில் இணைப்பைச் செருகி, மேலே ஒரு உலோகக் குப்பியை இயந்திரத்தால் நசுக்கிப் பொருத்துவதுதான் கிரிம்பிங். லாரி, ஜேசிபிக்கு ஹோஸ் செய்துதரும் ஹைட்ராலிக் கடை எந்த ஊரிலும் இருக்கும், அங்கே செய்துகொள்ளலாம். ஸ்குரூ கிளிப் போட்டு இறுக்கிய முனை இந்த அழுத்தத்தில் கழன்று பறக்கும்.

கடையில் மூன்று விஷயங்களைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஹோஸும் இணைப்பும் ஒன்றோடொன்று பொருந்துபவை என்று தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கிறதா? நசுக்கிய பிறகு விட்டம் அட்டவணையில் உள்ள அளவுக்கு வந்திருக்கிறதா? அதை உங்கள் கண் முன்னே காலிப்பரால் அளக்கட்டும். குறைவாக நசுக்கினால் முனை கழலும், அதிகமானால் உள்குழாய் வெட்டுப்படும். மூன்றாவது, இயங்கு அழுத்தத்தைப்போல் இரு மடங்கில் சோதித்துத் தர முடியுமா? முடியும் என்கிற கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் குப்பியின் ஓரத்தில், ஹோஸின் மேல் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். நாளை கோட்டுக்கும் குப்பிக்கும் இடைவெளி தெரிந்தால் முனை நழுவுகிறது என்று பொருள்.

படி 7: கன் முனை

ஹோஸ் முதலில் சாகும் இடம் கன்னுக்குப் பின்னால் உள்ள ஒரு சாண். அங்கே இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று சுழல் இணைப்பு, அதாவது ஸ்விவல். கையைத் திருப்பும்போது முறுக்கு ஹோஸுக்குப் போகாமல் அது வாங்கிக்கொள்ளும். மற்றொன்று வளைவுக் காப்பு, ரப்பர் உறையோ சுருள் கம்பியோ. ஹோஸ் முனையிலேயே மடிவதை அது தடுக்கும். பூமின் முனையிலும் இதேபோல் செய்யுங்கள்.

சட்டென்று மாட்டிக் கழற்றும் குவிக் கப்ளரைக் கன் அருகில் வைக்காதீர்கள். ஊழியருக்கு வசதிதான், ஆனால் வாடிக்கையாளர் விளையாட்டாகக் கழற்றிவிடுவார். வேண்டுமென்றால் அவர் கைக்கு எட்டாத பூமின் முனையில் வையுங்கள்.

நிமிடத்துக்கு 15 லிட்டர் 80 பாரில் பீச்சும்போது கன் பின்னோக்கி 3 கிலோவுக்குச் சற்று மேலான விசையுடன் உதைக்கும். கையில் இருக்கும்வரை அது தெரியாது. டிரிகர் அழுந்திய நிலையிலேயே கை நழுவினால் கன் பாம்பாகத் துள்ளி ஆளையும் காரையும் அடிக்கும். ஆகவே விட்டவுடன் மூடிக்கொள்ளும் டிரிகர்தான் வேண்டும். திறந்த நிலையில் பூட்டி வைக்கும் வசதி உள்ள கன்னை வாங்காதீர்கள். டிரிகரில் யாராவது கம்பியோ ரப்பர் வளையமோ கட்டியிருந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

படி 8: மாட்டுதலும் சோதனையும்

நாசிலைப் பொருத்துமுன் ஹோஸில் குறைந்த அழுத்தத்தில் நீரை ஓட விடுங்கள். வெட்டும்போது உள்ளே விழுந்த ரப்பர்த் துகளும் கம்பித் துணுக்கும் வெளியேறட்டும். பிறகு நாசிலை மாட்டி, அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். முழு அழுத்தத்தில் டிரிகரைப் பலமுறை பிடித்து விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். ஒழுகினால் பம்பை நிறுத்தி, டிரிகரை அழுத்தி மிச்ச அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும்.

ஒழுகலைக் கையால் தடவித் தேடவே கூடாது. ஊசித் துளை வழியே வரும் நீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கலாம், ஆனால் உள்ளே சதை அழுகும் அளவுக்குப் போகலாம். அட்டைத் துண்டை நீட்டித் தேடுங்கள். யாருக்காவது அப்படிப் பட்டுவிட்டால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உயர் அழுத்த நீர் உள்ளே பாய்ந்திருக்கிறது என்பதையும், அதில் என்ன சோப்பு கலந்திருந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 9: எப்போது மாற்றுவது?

காலையில் திறக்கும்போது ஹோஸ் முழுவதையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். மேலுறை வெட்டுப்பட்டுக் கம்பி தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். நீர் கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கிவிடும், துருப்பிடித்த பின்னல் அழுத்தத்தைத் தாங்காது. புடைப்பு, மடிந்த தழும்பு, குப்பியின் ஓரத்தில் துருநீர், பெயிண்ட் கோடு விலகியிருத்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அதே முடிவுதான். டேப் சுற்றி ஓட்டாதீர்கள். நடுவில் வெட்டி இணைப்பான் போட்டு ஒட்டுவதும் வேண்டாம், அந்த இணைப்பான் காரின் பெயிண்டைக் கீறும்.

முனை அழுத்திச் சோதித்த ஹோஸ் ஒன்றை, உரிய வாஷரும் ஓ-ரிங்குகளும் சேர்த்து, பம்ப் அறையில் வெயில் படாமல் தொங்கவிடுங்கள். மாட்டிய தேதியை எழுதிய ஒரு சிறு தகட்டை ஒவ்வொரு ஹோஸின் பூம் முனையிலும் கட்டுங்கள். எந்தக் கழுவுமிடத்தில் ஹோஸ் விரைவாகத் தேய்கிறது என்பது அந்தத் தேதிகளிலிருந்தே தெரியவரும். பெரும்பாலும் அங்கே பூமோ கன் தாங்கியோ தவறான இடத்தில் இருக்கும்.