வெயில் தாங்கும் கறவை மாட்டைப் பார்த்து வாங்குவது எப்படி?

மாசியில் நன்றாகக் கறந்த மாடு சித்திரையில் சட்டென்று இறங்கிவிட்டால், வெயிலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சூடு தாங்காத மாடு தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம் பால் குறையும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். சமவெளியில் முதல் மாடு வாங்கப் போகிறவர்கள் இந்த வரிசையில் பார்த்துப் போங்கள்.

1. இனம்

காங்கேயம், உம்பளச்சேரி, சிந்து, சாஹிவால் போன்ற திமில் உள்ள மாடுகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, நெருக்கமானவை. உடம்புக்குள் உண்டாகும் சூடும் குறைவு. ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) என்ற கருப்பு வெள்ளைச் சீமை மாட்டுக்கு 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே சிரமம் தொடங்கிவிடும். அதிகம் தின்று அதிகம் கறப்பதால் உள்ளேயும் சூடு அதிகம். ஜெர்சியும் சீமை மாடுதான், ஆனால் உடம்பில் சிறியது, அதைவிடக் கொஞ்சம் தாங்கும். பால் விற்கத்தான் மாடு என்றால், சமவெளியில் தொடங்குபவருக்கு நான் சொல்வது ஜெர்சி கிராஸ், அதாவது நம்மூர் மாட்டோடு ஜெர்சி கலந்தது. ஹெச்.எஃப். கிராஸ் நீலகிரி மாதிரி குளிர்ந்த ஊருக்குப் பொருந்தும். எந்தக் கிராஸ் ஆனாலும், சீமை ரத்தம் பாதிக்கு மேல் போகப் போக வெயில் தாங்கும் திறன் குறையும். தாய் என்ன இனம், அதற்குப் போட்ட சினை ஊசி என்ன இனம் என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

2. நிறம்: முடியை விலக்கித் தோலைப் பாருங்கள்

பலரும் முடியின் நிறத்தோடு நின்றுவிடுகிறார்கள். விலாப்பக்கம் முடியை விரலால் விலக்கிப் பாருங்கள். காங்கேயம் மயிலைப் பசுவுக்கு மேலே வெளுத்த முடி, கீழே கருந்தோல். முடி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, தோல் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. வெட்டவெளிக்கு இதைவிட நல்ல சேர்க்கை இல்லை. ஹெச்.எஃப். மாட்டின் கருப்புத் திட்டுகள் வெயிலை இழுக்கும். வெள்ளைத் திட்டுகளின் அடியில் இளஞ்சிவப்புத் தோல் இருப்பதால் அங்கே வெந்துபோகலாம். உண்ணிச்செடியைத் தின்றுவிட்டால் அந்த வெள்ளைப் பகுதிதான் புண்ணாகித் தோல் உரியும்.

ஆனால் நிறம் மட்டுமே தீர்ப்பு இல்லை. சிந்து மாடு செவலைதான், நன்றாகவே தாங்குகிறது. முடி குட்டையாக, வழவழப்பாக, உடம்போடு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிறத்தால் வரும் வித்தியாசம் நேர் வெயிலில்தான் பெரிது, நல்ல நிழலில் வெகுவாகக் குறைந்துவிடும். கன்று வாங்குபவர்களுக்கு ஒன்று: காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில்தான் நிறம் மாறும்.

3. மூச்சை எண்ணுங்கள்

மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்குப் போங்கள். காலையில் எல்லா மாடும் நன்றாகத்தான் தெரியும். நடந்து வந்த களைப்பு தீர நிழலில் நிற்கவிட்டு, விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 30 வாக்கில் இருந்தால் நிம்மதி. 60-ஐத் தாண்டினால் அந்த மாடு சூட்டில் தவிக்கிறது. அதே கொட்டகையில் நிற்கும் இன்னொரு மாட்டையும் எண்ணி ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும்.

4. வாங்கிய பிறகு

கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், பக்கங்கள் திறந்திருக்கட்டும். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று போடுங்கள். தண்ணீர் நாள் முழுக்கத் தொட்டியில் நிற்க வேண்டும். அசை வயிற்றில் தீவனம் செரிக்கும்போதும் சூடு பிறக்கும் என்பதால், பெரும் பங்கை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். உடம்பில் தண்ணீர் அடித்தால் மின்விசிறியும் ஓட வேண்டும். கடலோரப் புழுக்கத்தில், காற்றோட்டம் இல்லாமல் தண்ணீர் மட்டும் தெளித்தால் கொட்டகை இன்னும் புழுங்கும்.

மாடு வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, எச்சில் ஒழுக இரைத்தால் காத்திருக்காதீர்கள். நிழலுக்கு இழுத்து வந்து உடம்பை நனைத்து, காற்றுப் படவிட்டபடியே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.