உயிரிப்படலத் தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக்: நோயாளியைப் பார்த்துக்கொள்வோருக்கு ஒரு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு அறுவை சிகிச்சை கோயம்புத்தூரில் நடக்கும். அதன் பின் கட்டு மாற்றுவதும் மருந்து வாங்குவதும் வீட்டுக்கு அருகில், கேரளத்தில் நடக்கும். சாதாரணக் காய்ச்சலுக்கு இந்த ஏற்பாடு போதும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உயிரிப்படலம் கட்டிவிட்ட தொற்றில், ஊர் மாறும்போது ஒரு தாள் விடுபட்டாலும் சிகிச்சை தடம் மாறிவிடும். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த மருந்து வேலை செய்வதற்கான சூழலை உருவாக்குவதில் வீட்டாருக்குப் பெரும் பங்கு உண்டு.

உயிரிப்படலம் என்பது கிருமிகள் தாங்களே சுரக்கும் சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றாலான வழுவழுப்பான படிவத்துக்குள் கூட்டமாக ஒட்டி வாழும் நிலை. துலக்காத பல்லில் படியும் வழுவழுப்பும் அதுவே. அதன் அடியில் உணவும் ஆக்சிஜனும் குறைவதால் கிருமிகள் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கின்றன. வளரும் கிருமியைத் தாக்கும் மருந்துகள் பல, உறங்கும் கிருமியிடம் தோற்றுப்போகின்றன. தனித்து மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைப் போல நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு மருந்து கொடுத்தாலும் படலத்துக்குள் சில பிழைத்துவிடும். ஆய்வகம் சோதிப்பதோ தனித்து வளரும் கிருமியை. ஆகவே கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) அறிக்கையில் ஒரு மருந்துக்கு நேரே ‘எஸ்’ (கிருமி அதற்கு அடங்கும்) என்று இருப்பது, அது படலத்தையும் அழிக்கும் என்பதற்கு உறுதியாகாது; ‘ஆர்’ (கிருமி அதை எதிர்க்கும்) என்று இருந்தால் அந்த மருந்தால் பயனில்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

இதனால் முதலில் படலத்தை, அல்லது அது ஒட்டியிருக்கும் பொருளை அகற்ற வேண்டும். மருந்து அதற்குத் துணை. சர்க்கரை நோயாளியின் காற்புண்ணில் அழுகிய சதையை மருத்துவர் சுரண்டி நீக்கிய பின், படலம் மீண்டும் கட்டச் சில நாட்களே ஆகும். மருந்து நன்றாக வேலை செய்யும் காலம் அதுதான் என்பதால், அந்த நாட்களில் கட்டு மாற்றுவதையும் மருந்து வேளையையும் தள்ளிப் போடக் கூடாது. மாதிரி எடுப்பதிலும் கவனம் தேவை. புண்ணின் மேற்பரப்பில் பஞ்சைத் தடவி எடுத்தால் மேலே குடியிருக்கும் கிருமிகளே வரும். சுத்தம் செய்த பிறகு அடியிலிருந்து எடுத்த திசுவை, இயன்றவரை ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன், அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சிவப்பு, வீக்கம், சூடு, வலி, சீழ் எதுவும் இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. சதையோடு நிற்கும் தொற்றுக்குப் பொதுவாக 1 முதல் 2 வாரமும், எலும்பை எட்டியும் அதை வெட்டி எடுக்காத நிலையில் ஏறத்தாழ 6 வாரமும் மருந்து தரப்படுகிறது.

சிறுநீர்க் கத்தீட்டர் விஷயத்தில்தான் வீண் மருந்து மிகுதி. குழாய் ஒரு மாதம் உள்ளே இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி வளரும். கலங்கல், நாற்றம் என்பதற்காக மட்டும் மாத்திரை கேட்பது அடங்காத கிருமியை நாமே வளர்ப்பதாகும். காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாவலி, திடீர்க் குழப்பம் ஆகியவை இருந்தால் சிகிச்சை வேண்டும். குழாய் போட்டு 2 வாரத்துக்கு மேல் ஆகியிருந்து, இன்னும் அது தேவை என்றால், பழையதை எடுத்துப் புதியது போட்டு, புதிய குழாயில் வரும் சிறுநீரையே கல்ச்சருக்குத் தர வேண்டும். பையில் தேங்கிய சிறுநீரை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

செயற்கை மூட்டிலோ எலும்பில் பொருத்திய தகட்டிலோ ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் கிருமி படலம் கட்டினால், அறுவை சிகிச்சையோடு ரிஃபாம்பிசின் என்னும் ஆன்டிபயாட்டிக்கையும் சேர்ப்பதுண்டு. மருந்துக் காலம் பெரும்பாலும் 3 மாதத்தை எட்டும். சிறுநீர் செம்மஞ்சளாவதைக் கண்டு பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அந்த நிறம் தீங்கற்றது. ஆனால் கண் மஞ்சளானால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ரிஃபாம்பிசினைத் தனியாகத் தந்தால் கிருமி விரைவில் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும் என்பதால், துணை மருந்து கடையில் இல்லை என்று இதை மட்டும் விழுங்குவது கூடாது. வார்ஃபாரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து), கருத்தடை மாத்திரை, சில சர்க்கரை மாத்திரைகள் ஆகியவற்றின் வீரியத்தை இது குறைக்கும். உட்கொள்ளும் எல்லா மருந்தையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேரளத்தில் 2024-இல் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்னும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை நடவடிக்கை தொடங்கிய பிறகு, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகள் மீது கண்காணிப்பு இறுகியிருக்கிறது. இதில் சலிப்புக்கு இடமில்லை. பாதியில் வாங்கும் நாலு மாத்திரையால் இந்த நோயில் நன்மை எதுவும் இல்லை. டிஸ்சார்ஜ் சுருக்கம், எல்லா கல்ச்சர் அறிக்கைகளும், உள்ளே பொருத்திய கருவியின் விவரச்சீட்டு, மருந்து தொடங்கிய தேதி, முடிய வேண்டிய தேதி ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, எந்தப் பக்கத்து மருத்துவரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். ஊசி மருந்து நெடுநாள் தொடர்ந்தால், குறிப்பாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கோலிஸ்டின் என்றால், சிறுநீரகப் பரிசோதனை எந்தெந்த நாளில் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

மருந்து நடக்கும்போதே காய்ச்சல் திரும்பினாலோ, சிவப்பு படர்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அடுத்த மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.