மாணவர் சட்டச் சஞ்சிகைகள்: பதிப்பாசிரியர் குழு தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் ஒரு சட்டச் சஞ்சிகையின் பதிப்பாசிரியர் குழுவில் சேரும் மாணவர்கள் ஆசிச் செய்திகளைத் திரட்டுவதிலும் வெளியீட்டு விழாவை ஒழுங்கு செய்வதிலும் மாதக் கணக்கில் ஓடித் திரிந்துவிட்டு, கட்டுரைகளைச் சரிபார்க்க அச்சகத்துக்குப் போவதற்கு முந்திய ஒரு வாரத்தை மட்டும் ஒதுக்குவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். ஏனைய தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

மற்றத் துறைகளில் ஓர் ஆய்வுக் கட்டுரையை அத்துறை அறிஞர்களே மதிப்பிடுவர். அமெரிக்கச் சட்டக் கல்வியிலோ எதை வெளியிடுவது என்று தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். 1887இல் தொடங்கிய ஹார்வர்ட் லோ ரிவியூ இம்மரபின் முன்னோடிகளில் ஒன்று. தனியுரிமை பற்றி அமெரிக்கச் சட்டத்தரணிகளான சாமுவேல் வாரனும் லூயிஸ் பிராண்டைசும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1890இல் அதிலேதான் வெளிவந்தது. பேராசிரியரின் வாதத்தை எடைபோடும் அனுபவம் மாணவருக்குக் குறைவாக இருக்கலாம். ஆனால் அவர் காட்டும் ஒவ்வொரு ஆதாரத்தையும் மூலத்தில் தேடிப் பார்க்கும் பொறுமை மாணவருக்கு உண்டு. அந்தச் சரிபார்ப்பே மாணவர் சஞ்சிகை சட்டப் புலமைக்குச் செய்யும் உறுதியான பங்களிப்பு என்பது என் கருத்து.

ஆகவே, பாடநூலில் கண்ட மேற்கோளை மூலத்தைத் திறந்து பாராமல் அடிக்குறிப்பாக்குவதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. ஒரு முறை எங்கள் குழுவுக்குத் தேடியதேட்டம், அதாவது திருமண வாழ்வின்போது கணவனோ மனைவியோ தேடிய சொத்து, பற்றி நல்ல நடையில் எழுதப்பட்ட கட்டுரையொன்று வந்தது. அதன் ஆசிரியர் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 19ஆம் பிரிவை அதன் பழைய வடிவிலேயே எடுத்தாண்டிருந்தார். அப்பிரிவு 1947ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தால் நீக்கப்பட்டு, தேடியதேட்டத்துக்குப் புதிய வரைவிலக்கணம் தரப்பட்டுவிட்டது. வரைவிலக்கணம் மாறினால், பழைய பிரிவின் கீழ் வந்த தீர்ப்புகள் இன்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற கேள்வியும் எழும். கட்டுரையோ அந்தக் கேள்வியைத் தொடவே இல்லை. இரண்டு கட்டளைச்சட்டங்களையும் அருகருகே வைத்து வாசித்த முதலாம் ஆண்டு மாணவி ஒருவரே இதைக் கண்டுபிடித்தார்.

தீர்ப்புகளுக்கும் இதே கவனம் வேண்டும். மாறுபட்ட தீர்ப்பளித்த நீதியரசரின் கூற்று பெரும்பான்மைத் தீர்ப்பாகவும், வழக்கைத் தீர்ப்பதற்கு அவசியமில்லாமல் சொல்லப்பட்ட கருத்து பிந்திய வழக்குகளைப் பிணைக்கும் முன்தீர்ப்பாகவும் காட்டப்பட்டுவிடுவது உண்டு.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் அதியுயர் நீதிமன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றமும் மேல் நீதிமன்றங்களும் உள்ளன. தமிழ்நாட்டிலோ உயர் நீதிமன்றம் மாநில மட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு மேலே இருப்பதே உச்ச நீதிமன்றம். இந்தியத் தீர்ப்பைப் பற்றிப் பேசும் கட்டுரையில் எந்த நாட்டு வழக்கு என்று தெளிவாகச் சொல்லாவிட்டால், வாசகர் அத்தீர்ப்பின் அதிகாரத்தையே தவறாக விளங்கிக்கொள்வார். அதேபோல, நமது சட்டங்கள் பலவற்றின் இறுதியில், சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் ஒவ்வாமை ஏற்படின் சிங்கள உரையே மேலோங்கும் என்ற பிரிவு இருக்கிறது. ஒரு சொல்லின் பொருளை மையமாக வைத்து வாதிடும் கட்டுரை தமிழ் உரையோடு மட்டும் நின்றுவிடுவது ஆபத்தானது. சிங்களம் நன்கு தெரிந்த சக மாணவர் ஒருவரைச் சரிபார்ப்புக் குழுவில் சேர்த்துக்கொள்வது இதற்கு எளிய வழி.

எழுதியவரின் பதவியைப் பார்த்துக் கட்டுரையை ஏற்பதும் தவறு. தெரிவு முடியும் வரை பெயரை மறைத்து வைக்கலாம். திருத்தம் என்ற பெயரில் எழுதியவரின் நடையை அழிப்பதும், நான்கு வரியில் முடியும் கருத்துக்கு நாற்பது அடிக்குறிப்புகள் கேட்பதும் வேண்டாம். அமெரிக்கச் சட்டச் சஞ்சிகைகளின் நடையும் உள்ளடக்கமும் ஒருங்கே பழுதானவை என்று யேல் பேராசிரியர் பிரெட் ரொடெல் 1936இலேயே கடுமையாக எழுதினார். அடிக்குறிப்பு மோகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை.

கடைசியாக, “இவ்விடயம் பற்றித் தமிழில் எவரும் எழுதவில்லை” என்ற வாக்கியத்தை எந்தக் கட்டுரையிலும் சோதிக்காமல் விடாதீர்கள். பதிப்பாசிரியர் குழு ஆண்டுதோறும் மாறுவதால், முன்னைய குழுக்கள் வெளியிட்டவை அடுத்து வருவோருக்குத் தெரியாமலே போய்விடுகின்றன. புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரியின் தமிழ் மன்றம் வெளியிடும் ‘நீதிமுரசு’ இதழ்கள் பல, ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. கட்டுரையை ஏற்பதற்கு முன் அந்தப் பொருளடக்கங்களை ஒரு மாலைப் பொழுதில் புரட்டிப் பார்த்துவிடலாம்.