மாஸையும் மரத்தையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இமயம், ஜப்பான், அலாஸ்கா என்று சில இடங்களில் மட்டும் வளரும் அரிய மாஸ் (moss, ஈரமான இடங்களில் பச்சை மெத்தைபோல் படரும், பூக்காத சிறு தாவரம்), டக்காக்கியா. இதைச் சரக்கொன்றையோடு ஒப்பிடச் சொன்னால் பலரும் உடனே அட்டவணை போட்டுவிடுவார்கள்: உயரம், வேர், இலை, பூ. தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது.

தாவரங்களின் வாழ்க்கையில் இரண்டு தலைமுறைகள் மாறிமாறி வரும். மாஸில் கண்ணுக்குத் தெரியும் பச்சைச் செடி கேமீட்டோபைட், அதாவது விந்தணுவையும் முட்டையையும் உண்டாக்கும் தலைமுறை. அதன் செல்களில் குரோமோசோம் ஒரு தொகுதிதான். கொன்றை மரமோ ஸ்போரோபைட், அதாவது ஸ்போர் என்ற நுண்ணிய இனப்பெருக்கச் செல்களை உண்டாக்கும் தலைமுறை; அதில் இரண்டு தொகுதி. பச்சைக்குப் பச்சை என்று நிறுத்தினால் வெவ்வேறு தலைமுறைகளை ஒப்பிடுகிறோம். அவ்வளவு பெரிய மரத்துக்கு உண்மையான இணை, மாஸின் உச்சியில் மெல்லிய காம்போடு நிற்கும் ஸ்போர் உறைதான். சரி, மாஸின் பச்சைச் செடிக்கு இணை? கொன்றைப் பூவின் மகரந்தத் துகளும், சூலுக்குள் ஒளிந்திருக்கும் கருப்பையும் (முட்டை செல்லைக் கொண்ட நுண்ணிய பை). பூக்கும் தாவரங்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் கருப்பை மொத்தமே 7 செல்கள்! மாஸில் தனித்து வாழும் தலைமுறை, மரத்தில் பூவுக்குள் ஒடுங்கிவிட்டது.

இது வெறும் பாடப்புத்தக விஷயமில்லை. அந்த ஸ்போர் உறை யார் கண்ணிலும் படாததால் டக்காக்கியாவை லிவர்வொர்ட் (மாஸைப் போன்ற இன்னொரு சிறு தாவரக் குழு) என்றே பலர் வகைப்படுத்தியிருந்தார்கள். உறையைக் கண்டு 1993-இல் விவரித்த பிறகுதான் அது மாஸ் பக்கம் வந்தது.

அடுத்தது வேர். மாஸ்களின் ரைசாய்டுகளுக்கு (வேர் போன்ற மெல்லிய இழைகள்) முக்கிய வேலை பிடித்துக்கொள்வது. நீரைப் பெரும்பாலும் உடல் முழுவதுமே உறிஞ்சும். டக்காக்கியாவுக்கு ரைசாய்டுகூடக் கிடையாது. அதற்காக ‘பலவீனமான செடி’ என்று எழுதிவிடாதீர்கள். பல மாஸ்கள் மொறுமொறுவென்று காய்ந்த பிறகும் நீர் பட்டால் பிழைத்துக்கொள்ளும். காய்ந்த கொன்றை இலை காய்ந்ததுதான்.

‘மாஸிலிருந்து மரம் வந்தது’ என்பதும் தவறு. இரண்டும் ஒரே மூதாதையின் வெவ்வேறு கிளைகள். பழைய கிளை என்றால் மாறாமல் நிற்பது என்றும் அர்த்தமில்லை: டக்காக்கியாவின் வம்சம் சுமார் 39 கோடி ஆண்டு பழையது, ஆனால் அதில் வேகமாக மாறிவரும் மரபணுக்கள் மிக அதிகம் என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அப்புறம், எண்ணிக்கை. கொன்றை எங்கும் தென்படுவதற்கு அழகுக்காக மனிதர்கள் நட்டதும் ஒரு காரணம். டக்காக்கியாவை யாரும் நடுவதில்லை. சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரச் செடியைத் தேடிப் போகிறவர்களும் குறைவு. இந்த இரண்டையும் கணக்கில் எடுக்காமல், எது வெற்றிகரமான தாவரம் என்று தீர்ப்பு எழுதக்கூடாது.