ஏற்காட்டில் காப்பித் தோட்டம், சேலத்தில் சம்பளம்: வருமான வரி ரிட்டர்னை நாமே போடுவது எப்படி?

அப்பா போன பிறகு ஏற்காட்டுத் தோட்டம் எனக்கும் தம்பிக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்தது. பெரிய எஸ்டேட் எல்லாம் இல்லை. காப்பிச் செடி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, அவ்வளவுதான். எனக்கு வேலை கீழே சேலத்தில். போன முறை, அதாவது 2024-25 வருமானத்துக்கு, சம்பளத்தை மட்டும் காட்டி ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். "விவசாய வருமானத்துக்குத்தான் வரியே கிடையாதே, அதை ஏன் காட்டணும்?" என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னதை அப்படியே நம்பினேன். கடைசியில் திருத்திய ரிட்டர்ன் போட்டு 10,400 ரூபாயும் அதற்கு வட்டியும் கட்ட வேண்டியதாயிற்று. உங்களுக்கும் இப்படி மேலே ஒரு கால் கீழே ஒரு கால் என்றால் படியுங்கள். கீழே உள்ள கணக்கெல்லாம் 2025-26 வருமானத்துக்கு, புதிய வரி முறைப்படி.

முதலில் காகிதங்கள். அலுவலகத்தில் தரும் ஃபார்ம் 16 (சம்பளமும் அதில் பிடித்த வரியும்), வருமான வரி இணையதளத்தில் இறக்கும் ஏஐஎஸ் (உங்கள் வரவுகளைப் பற்றித் துறைக்கு வந்த தகவல்), 26ஏஎஸ் (உங்கள் பெயரில் கட்டிய வரி). வங்கி வட்டி ஏஐஎஸ்-இல் தானாக வந்திருக்கும், விட்டுவிடாதீர்கள். தோட்டக் கணக்கு மட்டும் எங்கும் தானாக வராது. காப்பிப் பழம் எடுத்த வியாபாரி தந்த சிட்டை, மிளகு விற்ற ரசீது, களை எடுத்த கூலி, பழம் பறித்த கூலி, உரம், எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். நான் கூகுள் ஷீட் ஒன்று வைத்திருக்கிறேன். தம்பி இன்னும் அப்பாவின் நீள நோட்டுதான். இரண்டும் சரி. விற்ற பணத்தில் செலவைக் கழித்து மிஞ்சுவதுதான் கணக்கில் சேரும். வரி குறைய நேர்மையான முதல் வழியே இந்தக் கூலிக் கணக்கு.

அடுத்தது படிவம். நான் வழுக்கிய இடம் இதுதான். விவசாய வருமானம் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 போடக்கூடாது. சம்பளக்காரர்கள் ஐடிஆர்-2 எடுக்க வேண்டும். பார்க்கப் பயமுறுத்தும், ஐம்பது அட்டவணை இருப்பது போலத் தோன்றும். நமக்கு வேண்டியது நான்கைந்துதான். தோட்டத்து வருமானம் 'ஷெட்யூல் ஈஐ' என்ற விலக்கு வருமானப் பகுதியில் போகும். மொத்த வரவு ஒரு கட்டத்தில், செலவு இன்னொரு கட்டத்தில். நிகர வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் மாவட்டம், பின்கோடு, நிலத்தின் அளவு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்றும் கேட்கும்.

சரி, வரி இல்லாத வருமானத்தை ஏன் கேட்கிறார்கள்? அதற்கு நேரடியாக வரி இல்லை. ஆனால் உங்கள் சம்பளத்துக்கு எந்த விகிதத்தில் வரி போடுவது என்று பார்க்க மட்டும் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். எடுத்துக்காட்டாக, சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் நிலைக் கழிவு 75,000 போக சம்பளம் 11 லட்சம், தோட்டத்தில் நிகரம் 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டையும் கூட்டினால் 13 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, அதற்கு மேல் 16 வரை 15. ஆக 75,000 ரூபாய். அடுத்து வரி இல்லாத 4 லட்சத்தோடு தோட்டத்து 2 லட்சத்தைக் கூட்டுங்கள்: 6 லட்சம். அதற்கு வரி 10,000. முன்னதில் இதைக் கழித்தால் 65,000.

இப்போது வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு தரும் தள்ளுபடி. "12 லட்சம் வரை வரியே இல்லை" என்று டீக்கடை வரை பேசினார்களே, அது இதுதான். அந்த 12 லட்சத்தில் விவசாய வருமானம் சேராது, அதனால் தள்ளுபடி நமக்கும் உண்டு. ஆனால் உச்சவரம்பு 60,000. ஆக மீதி 5,000, அதன் மேல் 4 சதவீத செஸ் 200. கட்ட வேண்டியது 5,200 ரூபாய். தோட்டம் இல்லாமல் அதே சம்பளம் வாங்குபவருக்குப் பூஜ்யம்! முதல் தடவை இந்த 5,200-ஐப் பார்த்தபோது தளம்தான் தப்பாகக் கணக்குப் போடுகிறது என்று நினைத்தேன். அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் வாங்கிய காகிதத்தின் பின்பக்கத்தில் நானே போட்டுப் பார்த்த பிறகுதான் அடங்கினேன்.

ரிட்டர்னின் கடைசிப் பக்கங்களில் விவசாய வருமானத்துக்கான ரிபேட் என்று ஒரு வரி வரும். அது மேலே கழித்த அந்த 10,000. அதை 87ஏ என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த இடம் காலியாக இருந்தால் ஷெட்யூல் ஈஐ சரியாக நிரம்பவில்லை என்று அர்த்தம்.

கழிவுகள் அதிகம் உள்ள பழைய முறையா, கழிவு குறைந்து விகிதமும் குறைந்த புதிய முறையா? சம்பளம் 12.75 லட்சத்துக்குள் என்றால் பெரும்பாலானவர்களுக்குப் புதியதுதான். 12.75 லட்சம் வாங்குபவர் வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், 80சி (பிஎஃப், ஆயுள் காப்பீடு போன்ற சேமிப்பு) 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000 என்று எல்லாம் போட்டாலும் பழையதில் வரி நிற்கும். தொழில் வருமானம் இல்லாதவர்கள் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். பழையது வேண்டுமென்றால் கடைசித் தேதிக்குள் போட்டாக வேண்டும். பழைய முறையில் வீட்டு வாடகைப் படிக்குக் கழிவு கேட்பவர்கள் கவனிக்க: சேலத்துக்கு அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம்தான், சென்னைக்குப் போல 50 இல்லை. வரிக்காக மட்டும் மார்ச் மாதக் கடைசியில் பாலிசி எடுப்பதை நான் நிறுத்தி நாளாயிற்று.

புதிய முறையில் உருப்படியான ஒரு வழி, முதலாளி உங்கள் பெயரில் என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் போடும் பணம். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை கழிவு. தோட்டம் எதுவும் இல்லாத நண்பன் ஒருவனுக்கு ஆண்டுச் சம்பளம் 13.5 லட்சம், அடிப்படை 6 லட்சம். இப்படி 84,000 போனதும் அவன் வருமானம் 11.91 லட்சமாக இறங்கி வரி பூஜ்யமானது. இல்லாவிட்டால் 74,100. என்ன, அந்தப் பணம் ஓய்வு பெறும் வரை கிட்டத்தட்டப் பூட்டிய பெட்டி. ஆண்டுத் தொடக்கத்திலேயே அலுவலகத்தில் பேசிவிட வேண்டும்.

பாக்கி வரியை அதே தளத்தில் இ-பே டாக்ஸ் வழியாகக் கட்டி, சலான் எண்ணை ரிட்டர்னில் சேர்த்து, பிறகு அனுப்புங்கள். 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி கொடுத்து உறுதிசெய்யாவிட்டால் போட்டதே கணக்கில் வராது. இதை மலையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். எங்கள் தோட்டத்து வீட்டில் ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஒருமுறை அதற்காகவே இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தேன். வேறு செயலிகள் எதற்கும் நான் காசு கொடுப்பதில்லை, துறையின் தளமே போதும்.

பின்சேர்க்கை: "நாங்கள் பழமாக விற்பதில்லை, வறுத்து அரைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கிறோம், எங்களுக்கும் இதே கணக்கா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. சொந்தக் காப்பியைப் பக்குவம் செய்து, அதாவது க்யூரிங் முடித்து விற்றால் லாபத்தில் 25 சதவீதம் தொழில் வருமானம், வறுத்து அரைத்தும் விற்றால் 40 சதவீதம். மீதிதான் விவசாயம். சிக்கரி கலந்தாலும் கலக்காவிட்டாலும் அதே 40. தொழில் வருமானம் வந்துவிட்டதால் ஐடிஆர்-2-ம் செல்லாது, ஐடிஆர்-3 வேண்டும். அதை நான் போட்டதில்லை. அந்த இரண்டு பேரும் ஆடிட்டரிடம் போவதே நல்லது.