டிராக் ரேஸ் காரில் ஆயில் பிரஷர் விழுகிறதா? எந்த நொடியில் விழுகிறது என்று முதலில் பாருங்கள்

நேர்கோட்டில் கால் மைல் பாயும் டிராக் ரேஸ் காரில் ஆயில் பிரஷர் விழுந்ததும் நிறையப் பேர் முதலில் செய்வது பெரிய பம்ப் ஒன்றை வாங்கி மாட்டுவது. தயவுசெய்து உடனே அதைச் செய்யாதீர்கள். பல நேரங்களில் பம்ப் நன்றாகத்தான் இருக்கும், அதன் வாய்க்கு எண்ணெய் வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட இன்ஜினில் பெரிய பம்பைப் போட்டால் சம்பில் (இன்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) மிச்சமிருக்கும் எண்ணெயையும் இன்னும் வேகமாக உறிஞ்சிக் காலி செய்துவிடும்.

நான் சொல்வதெல்லாம் ஷெவ்ரலே ஸ்மால் பிளாக் வி8-ஐ மனதில் வைத்துத்தான். 1955-இல் வந்த இன்ஜின், அமெரிக்காவின் கால் மைல் டிராக்குகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பம்ப் சம்புக்குள்ளே, இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்கைத் தாங்கும் பின்பக்க மெயின் பேரிங் கேப்பில் மாட்டியிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர்தான் ஒரு தண்டு வழியாக அதைச் சுழற்றும். உங்களுடையது வேறு இன்ஜினாக இருந்தாலும் தேடும் வழி இதேதான்.

பிரஷர் விழுந்தது தெரிந்ததும் இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். "இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்போம்" என்கிற ஆசைதான் பாலிஷ் செய்து தப்பிக்க வேண்டிய கிராங்க்கைக் குப்பைக்கு அனுப்புகிறது. அப்புறம் கேஜையே சந்தேகப்படுங்கள். எலக்ட்ரிக் சென்சார் பொய் சொல்வது சகஜம், அதனால் ஒரு மெக்கானிக்கல் கேஜை நேராக பிளாக்கில் மாட்டி ஒப்பிட வேண்டும். 1000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) 10 பிஎஸ்ஐ (பிரஷரை அளக்கும் அலகு) என்பது பழைய கணக்கு, அதாவது 7000-இல் 70. அதைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்தே நன்றாக ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒரே ஓட்டத்துக்குள் சட்டென்று சரிவது எந்தக் கணக்கிலும் சரியில்லை.

சரி, இப்போது முக்கியமான கேள்வி: எப்போது விழுகிறது? பத்து விநாடி ஓட்டத்தில் நீங்கள் கேஜைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, பார்க்கவும் கூடாது. டேட்டா லாகர் இருந்தால் ஆயில் பிரஷர், ஆர்பிஎம், முன்னோக்கிய ஜி விசை மூன்றையும் ஒன்றாகப் பதியுங்கள், இல்லையென்றால் ஒரு சின்ன கேமராவைக் கேஜைப் பார்த்து மாட்டினாலும் போதும்.

கிளம்பும்போதே விழுந்தால் எண்ணெய் பின்னால் ஓடுகிறது என்று அர்த்தம். கார் 1 ஜி முடுக்கத்தில், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவுக்குப் பாய்ந்தால் சம்பில் எண்ணெயின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும், நின்றிருக்கும் காரில் டிப்ஸ்டிக் காட்டிய அளவுக்கு அப்போது அர்த்தமே இல்லை. ஆழமான குழி பின்பக்கம் இருக்கும் சம்பில் எண்ணெய் பின்சுவரில் போய்க் குவியும். பம்புக்கு எண்ணெயை உறிஞ்சும் குழாயான பிக்கப்பும் அந்தச் சுவரை ஒட்டி இருந்தால் பிரச்சினை இல்லை, முன்னால் தள்ளி இருந்தால் காற்றைத்தான் உறிஞ்சும். பழைய மஸ்டாங் போல முன்பக்கக் குழி உள்ள கார்களில் இது இன்னும் மோசம், அதற்கென்றே பின்னால் நீட்டிய பிக்கப்போடு செய்த சம்ப் வேண்டும்.

இறுதிக் கோட்டைத் தாண்டி பிரேக் பிடிக்கும்போது விழுவதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை, ஓட்டம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் கண் டைம் போர்டுக்குப் போய்விடும். அந்த நேரத்தில் எண்ணெய் முழுக்க முன்னால் ஓடி, சம்பின் ஆழமில்லாத பகுதியில் தேங்கி நிற்கிறது, இன்ஜினோ இன்னும் பல ஆயிரம் ஆர்பிஎம்மில் சுற்றுகிறது. என் அனுபவத்தில் காரணம் புரியாமல் போன பேரிங்குகளில் பாதி இங்கேதான் போயின. எண்ணெய் முன்னால் ஓடாமல் தடுக்கும், ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு வைத்த தடுப்புகள் சம்புக்குள் வேண்டும். அதுவும் போதாவிட்டால் அக்யூசம்ப் மாதிரி ஒரு அக்யூமுலேட்டர், பிரஷர் இறங்கியதும் தான் சேர்த்து வைத்த எண்ணெயை இன்ஜினுக்குள் தள்ளும். டிராக் நீளம் இருந்தால் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள், அதற்குச் செலவே இல்லை.

ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் ஆர்பிஎம் ஏற ஏறப் பிரஷர் இறங்கினால், எண்ணெய் மேலே வால்வ் கவரிலும் கிராங்க்கைச் சுற்றியும் மாட்டிக்கொண்டு கீழே திரும்பவில்லை. முள் துடித்தால் எண்ணெயில் காற்று கலந்திருக்கிறது. கொள்ளளவு அதிகமான சம்பும் விண்டேஜ் டிரேயும் (கிராங்க்கையும் எண்ணெயையும் பிரிக்கும் தட்டு) இதற்கு மருந்து. பயத்தில் எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள், கிராங்க் அதை மோர் கடைவது போலக் கடைந்து நுரையாக்கிவிடும்.

சம்பைக் கழற்றியதும் பிக்கப்பைப் பாருங்கள். பம்பில் வெறுமனே அடித்து இறக்கிய குழாய் அதிர்வில் தளர்ந்து காற்றை இழுக்கும், சில சமயம் கழன்றே விழும். அதை ஒரு பொட்டு வெல்டிங் வைத்து நிறுத்த வேண்டும். ஆனால் வெல்டிங்குக்கு முன், பிரஷர் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள், சூட்டில் அதன் முறுக்கு போய்விட்டால் புதிய பிரச்சினையை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். பிக்கப்புக்கும் சம்பின் தரைக்கும் இடைவெளி முக்கால் இன்ச்சில் பாதி, சுமார் 9.5 மில்லிமீட்டர். களிமண் உருண்டை ஒன்றை வைத்து, கேஸ்கெட்டோடு சம்பை மாட்டிக் கழற்றி அமுங்கிய உயரத்தை அளந்தால் சரியாகத் தெரியும்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே எப்போதும் பிரஷர் குறைவு என்றால் ரிலீஃப் வால்வில் துகள் சிக்கித் திறந்தே நிற்கலாம், அல்லது டைமிங் கவருக்குப் பின்னால் ஆயில் வழியை அடைக்கும் பிளக் விடுபட்டிருக்கலாம். சூடானபின் ஐடிலில் மட்டும் குறைந்தால் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் எண்ணெய் நீர்த்துவிட்டது. வாடை இல்லையென்றால் பேரிங் இடைவெளியை அளக்க வேண்டும். ஜர்னலின் (கிராங்க்கில் பேரிங் உட்காரும் பகுதி) ஒவ்வோர் அங்குல விட்டத்துக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது வழக்கம், 350 கன அங்குல ஸ்மால் பிளாக்கின் மெயின் பேரிங்குக்கு அது சுமார் 0.06 மில்லிமீட்டர்.

சரிசெய்தபின் நேராக ஸ்டார்ட் செய்யாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, பிரைமிங் கருவியை (இன்ஜின் ஓடாமலே பம்பைச் சுழற்றும் தண்டு) டிரில்லில் பூட்டிப் பம்பைச் சுழற்றி, வால்வுகளைத் திறக்கும் எல்லா ராக்கர்களுக்கும் எண்ணெய் வரும்வரை பொறுங்கள். கருவியில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பு போன்ற காலர் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஓட்டையிலேயே எண்ணெய் கசிந்து பிரஷர் குறைவாகக் காட்டும், நீங்கள் வீணாகப் பயப்படுவீர்கள். முதல் ஓட்டத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு, பதிவைப் பார்த்து, ஃபில்டரை வெட்டித் தாளை விரியுங்கள். செம்பு நிறத் துகள் தெரிந்தால் பேரிங்கின் மேல்பூச்சு போய்விட்டது, இரண்டாவது ஓட்டம் வேண்டாம், சம்பை மறுபடி இறக்குங்கள்.